வெட்டம் போராது

நாலாம் திருவிழா ராத்திரி
ஜெனரேட்டர் ஓரமாக நின்று வயர் சுருட்டிக்கொண்டே டெலிக்ஸ் சொன்னான்:
"ஒனக்க கிதார் சத்தம் பழங்கஞ்சி கணக்கா கெடக்கு பிள்ளே.
வெட்டம் போராது."

கோபம் வந்தது.
டிரம்ஸ் அடிக்கிறவனுக்கு மற்ற எல்லாருமே கஞ்சிதான்.
மணவாளக்குறிச்சி வந்து, சாப்பிடாமல்,
ஃபோனில் பிடித்ததைப் போட்டுக் கேட்டேன்.
ஆறாம் கம்பியை உள்ளங்கையால் அமுக்கி அடிக்கும் இடமெல்லாம்
ஈர மணலில் சாக்கு மூட்டை விழுகிறது,
தொப்
தொப்
சவம், அவன் சொன்னது சரி.

மீட்டர் வைத்தால் பதினாறு கிலோ ஓம்.
யாரோ பேராசைக்காரன் சுற்றியிருக்கிறான்,
முடியைவிட மெல்லிய செம்பை
இடமிருக்கிற வரைக்கும்.
முதலில் திருப்புளியால் இரண்டு சுற்று இறக்கினேன்,
கம்பிக்கும் காந்தத்துக்கும் நடுவே கொஞ்சம் காற்று.
மூச்சு விட்டது. அவ்வளவுதான்.

பகலில் எனக்கு ஈசிஜி அறையில் சோலி.
நெஞ்சில் பத்து இடத்தில் ஒட்டி, தாளில் வருவதைப் பார்க்கிறவள்.
முனை கூராக ஏறி, கூராக இறங்கி,
அடுத்தது வரும்வரை கோடு சும்மா இருக்க வேண்டும்.
ஆள் நடுங்கினால் கோடு மயிர்க்கூச்செறியும்.
"அசையாதீங்க அண்ணாச்சி" என்பேன்.
கிதாரிடம் நான் கேட்பதும் அதுதான்,
அடித்ததும் ஏறு, விட்டதும் இறங்கு.

நாகர்கோவில் கேப் ரோட்டுக் கடையில் பெர்ஜின்
செராமிக்கை எடுத்து வைத்தான்.
"கத்தி மாதிரி வெட்டும். பயலுவ எல்லாம் இதுதான் வாங்குதானுவ."
போட்டுக் கேட்க ஒழிந்த ஆம்ப் இல்லை,
ஒரு குழந்தை கீபோர்டில் ஒரே கட்டையை
அரைமணி நேரமாக அமுக்கிக்கொண்டிருந்தது.
அல்நிகோ இரண்டைக் கையிலெடுத்தேன், வைத்தேன்.
இனிப்புதான். ஆனால் அடிச்சுரம் தளர்ந்துவிடும் என்று
தெரிந்தவர்கள் எல்லாரும் சொல்கிறார்கள்.

கண்ணை மூடி எங்கள் மேடையை நினைத்தேன்.
கீழே டெல்லஸின் பேஸ் கால் நீட்டிப் படுத்திருக்கிறது.
நடுவில் ஆன்சியின் கீபோர்டு, இரண்டு கையும் அகல விரித்து.
உச்சி முழுக்க டெலிக்ஸின் தட்டுகள்.
குளச்சல் கடைசி பஸ்ஸில்
மூன்று பேர் சீட்டில் நாலாவதாக ஒட்டி உட்காருவோமே,
அந்தக் கால் சீட்டுதான் எனக்கு மிச்சம்.
கத்தி கொண்டு ஏறினால் பஸ்ஸில் சண்டை வரும்.

அல்நிகோ ஐந்து. எட்டு புள்ளி மூன்று.
"சத்தம் கொறயும் கேட்டியா" என்றான் பெர்ஜின்.
குறையட்டும். ஆம்பில் குமிழ் இருக்கிறது.
பத்தாம் திருவிழா அட்வான்ஸில்
முந்நூற்றைம்பது மிச்சம், பஸ்ஸுக்கும் ஈயத்துக்கும்.

பழையதைக் கழற்றினால்
காந்த முனைகளில் கறுப்பாகத் தாடி.
எங்கள் ஊர்க் கருமணல்.
ஒவ்வொரு கடற்கரை மேடையிலும்
கொஞ்சம் கொஞ்சமாய் ஏறி உட்கார்ந்திருக்கிறது.
ஊதினேன், போகவில்லை.
விரலால் தடவினால் இந்தப் பக்கம் படுத்து
அந்தப் பக்கம் எழுந்தது.

பச்சையையும் வெள்ளையையும் மாற்றிப் பற்றவைத்துவிட்டேன்,
சத்தம் பவுடர் டப்பாவுக்குள் போனது.
மறுபடி உருக்கி, மறுபடி ஊதி,
பதினொன்றரைக்கு
கம்பி ஒவ்வொன்றும் தனியாகப் பேர் சொன்னது.

டெலிக்ஸ் கேட்டான்.
"இப்போ கொள்ளாம். ஆனா அந்த ரெண்டாம் வரியில..."
"தெரியும்."
சுண்டுவிரல். ஒவ்வொரு தடவையும்
முழுசாய் ஒரு இமை நேரம் பிந்தி வருகிறது.
நாலு வருஷம் அந்தக் கஞ்சி
எனக்காகப் பொய் சொல்லியிருக்கிறது.

பழைய பிக்கப் ஜன்னலில் தாடியோடு கிடக்கிறது.
பத்தாம் நாளுக்கு இன்னும் இரண்டு ராத்திரி.
தாள எண்ணை எழுபதில் வைக்கிறேன்,
வேண்டாம்,
அறுபது.