ஆறாவது இலக்கம்

ஓஹையோவில் ஒருத்தி
மேல்தட்டிலிருந்து சீனி டப்பாவை எடுத்தாள்.
அவ்வளவுதான்.
விழவில்லை, இடித்துக்கொள்ளவில்லை.
தோளுக்குள் ஈரத்துணி கிழிகிற மாதிரி
ஒரு சத்தம் கேட்டதாம்.
மருத்துவர் சொன்னபடியே குறித்திருக்கிறார்,
சீனி டப்பா உட்பட.

சத்துவாச்சாரி, இரண்டாம் மாடி, நள்ளிரவு.
ஏசி என் பிடரியில் ஊதுகிறது.
நான் அவளுக்கு எண் தேடுகிறேன்.

எம் அறுபத்தாறு: தானாக அறுந்த தசைநார்.
சுழல்தசை என்றால் இங்கே இடமில்லை,
எழுபத்தைந்தாம் வீட்டில் போய்த் தட்டு.
அடியில் பொடி எழுத்தில் ஒரு குறிப்பு:
சாதாரண விசை,
வலு குறைந்திருப்பதாக ஊகிக்கப்படும் திசுவின் மேல்
படும்போது நேர்வது.

ஊகிக்கப்படும்.
அந்தச் சொல்லில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன்.
மணிக்குப் பத்து கோப்பு முடிக்க வேண்டியவள்
நிற்கக் கூடாது.

மாடிப்படியில் விழுந்திருந்தால்
எஸ் வரிசைக்குப் போயிருப்பாள்.
எந்தப் படி, பனியா, நாய் குறுக்கே வந்ததா,
எல்லாவற்றுக்கும் எண் உண்டு.
தானாக அறுந்ததை
எப்படி என்று யாரும் கேட்பதில்லை.

கடைசி இலக்கம்:
வலம் என்றால் ஒன்று. இடம் என்றால் இரண்டு.
எழுதாமல் விட்டிருந்தால் ஒன்பது.
ஒன்பது போட்டால் அஃப்ரோஸ் சிவப்பில் திருப்புவாள்,
"தோள் இருக்கு, பக்கம் இல்லையா?"

மூன்று மணிக்கு வேன்.
ஏகாம்பரம் அண்ணன் கியர் மாற்றுவதைப் பார்த்தேன்.
கை போகவில்லை, உடம்பு போகிறது.
முழுதாக இடப்பக்கம் சாய்ந்து
இடுப்பால் தள்ளுகிறார் மூன்றாவது கியரை.

பாலாற்றுப் பாலம். கீழே மணல்தான், நிலா வெளிச்சத்தில்.

"இன்னாண்ணா ஆச்சு?"
"ஒண்ணும் ஆவலம்மா.
கொடியில சட்டை காஞ்சிக்கினு இருந்திச்சு, எடுத்தேன்.
பட்டுனு ஒரு சத்தம்.
அதுக்கப்புறம் தூக்க வரல."

எப்போது?
ஆடிக் கிருத்திகைக்கு முன்னாடி.
இது கார்த்திகை.

மேல்விஷாரத்தில் பத்தொன்பது வருசம்
சுண்ணாம்புக் குழியிலிருந்து
ஈரத்தோலை இழுத்துத் தோளில் போட்டவர்.
ஒரு மாட்டுத்தோல் நனைந்தால் எவ்வளவு கனம் என்று
ஒருமுறை சொன்னார்.
நான் மறந்துவிட்டேன்.

இப்போது பகலில்
காட்பாடி ஸ்டேஷனில் ஹவுரா வண்டி வரும்வரை நிற்கிறார்.
வங்காளத்திலிருந்து, அஸ்ஸாமிலிருந்து
ஸ்கேன் உறைகளோடு இறங்குகிறவர்களை
ஏற்றிக்கொண்டு போய் ஆஸ்பத்திரி வாசலில் விடுவார்.
நாடே வந்து டோக்கன் வாங்கும் வாசல்.
திருப்பிக்கொண்டு வந்துவிடுவார்.
"ஒரு நாள் போனா ரெண்டு டிரிப்பு போச்சும்மா."

பயிற்சியில் முதல் நாள் சொல்லித்தந்தது:
எழுதப்படாதது நடக்கவில்லை.
நீ மருத்துவர் இல்லை. ஊகிக்காதே.
சரிதான், அவருக்குக் கோப்பு இல்லை,
படம் இல்லை, எந்த நார் என்று தெரியாது.
எந்த வீட்டில் தட்டுவது?

ஆனாலும் என் விரல்கள்
மடியில் கிடந்த டிபன் பையின் மேல்
தட்டிக்கொண்டிருந்தன.
எம். ஆறு. ஆறு. புள்ளி.

சட்டை சாதாரண விசை.
காய்ந்த பருத்திச் சட்டை, அரைக் கை.

லத்தேரியில் இறங்கினேன்.
அந்த வேனின் இழுவைக்கதவு பாதியில் சிக்கும்,
அவர்தான் சுற்றி வந்து சாத்துவார்.
வந்தார். இடது கையைக் கொண்டுபோனார்.
பாதி வழியில் அது நின்றது,
எதையோ யோசிப்பது போல.
வலது கையை மாற்றுவதற்குள்
நான் இழுத்துச் சாத்திவிட்டேன்.

"நாளைக்கு லீவு போட்டுட்டுப் போங்கண்ணா."
"பார்க்கலாம்மா."

வேறென்ன கேட்பது என்று தெரியவில்லை.
"இடதுதானே?" என்றேன், தெரிந்தே.

"ஆமாம்மா, இடது."

இரண்டு, என்றது என் வாய்.
அவருக்குக் கேட்கவில்லை.
வண்டி முதல் கியருக்குச் சாய்ந்தது.