எட்டடிக்கு நாலடி

அளவைத் தந்தது நானல்ல, கொழும்புமல்ல.
குருமண்வெளித் துறையில்
மண்டூருக்குப் போகக் காத்துக் கிடக்கும் பாதை.
எங்களுக்குப் பாதை என்றால்
தண்ணீரில் மிதப்பது.

மோட்டார்சைக்கிள்களை ஓரம் தள்ளினால்
எட்டுத் தட்டி அடுக்கலாம்.
மூன்று தரம் போய்வந்தால் இருபத்து நாலு.
நாலாந்தரம் இல்லை என்றார் நல்லரெத்தினம்:
"பின்னேரம் வாடை எழும்பினா
நான் எஞ்சினையே நம்பமாட்டன்."
அதை அப்படியே எழுதிக்கொண்டேன்.
ஆக, இருபத்து நாலு தட்டியில் ஓர் ஆஸ்பத்திரி.

எடை பார்த்த இரவு
ஒரு தட்டிக்கு நாலு பேர் என்று போட்டேன்.
பிறகு யோசித்தேன்:
நாலு பேரில் இரண்டு பேர்
முந்தின நாள் காலையில் கடைசியாய்ச் சாப்பிட்டவர்கள்,
ஒருவனுக்கு வீடு போயிருக்கும்,
மற்றவன் தங்கச்சியைத் தேடிக்கொண்டிருப்பான்.
கைநூலில் இதற்கு அட்டவணை இல்லை.
ஒன்பது கிலோ குறைத்தேன்.

தட்டிகளுக்குச் சிவப்பு மையில்
இலக்கம் அடித்து வைத்திருந்தேன்.
ஏறாவூர் மஃறூப்
வெல்டிங் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கேட்டான்:
"கரண்ட் இல்லாத நேரம்
ஆரு இத வாசிக்கிற?"
விளிம்பில் வெட்டு வைத்தான்.
ஒரு வெட்டு ஒரு வெட்டோடு,
மூன்று மூன்றோடு.
கண்ணை மூடித் தடவிப் பார்த்தேன்,
சரியாய் வந்தது.
போல்டும் ஒரே அளவு, ஸ்பனரும் ஒன்றே.

தளத்தின் உயரத்தைப்
பள்ளிக்கூடச் சுவர் சொன்னது.
பழைய வெள்ளம் விட்டுப்போன மண்கோடு,
மூன்றாம் வகுப்புப் பிள்ளையின் தோளுக்கு.
அதற்கு மேல் இன்னொரு சாண்.

புரட்டாசியில் வெல்லாவெளி மைதானத்தில்
பதினொரு மணித்தியாலத்தில் நிமிர்த்தினோம்.
பல்ப் எரிந்தது. குழாயில் தண்ணீர் வந்தது.
வந்திருந்த ஐயாமார் கைதட்டி, படமெடுத்து,
ஜீப்பில் ஏறிப் போனார்கள்.

மருத்துவமாது சுகிர்தமலர் பிந்தி வந்தாள்.
ஹெல்மெட்டைக் கழற்றாமலே சுற்றிப் பார்த்தாள்.
பிரசவக் கட்டிலில் ஏறிப் படுத்து
கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தாள்.
எழும்பி, சேலையைச் சரிசெய்துகொண்டு கேட்டாள்:

"எல்லாம் நல்லாத்தான் கிடக்கு.
செத்துப் பொறந்தா எங்க வெக்கிறகா?"

ஜெனரேட்டர் மட்டும் பேசிக்கொண்டிருந்தது.

"போன வெள்ளத்துக்குள்ள
பழப்பெட்டி ஒண்டுல வெச்சம், கட்டிலுக்குக் கீழ.
விடியுமட்டும் அவ
குனிஞ்சு குனிஞ்சு பாத்துக்கிட்டே கிடந்தா."

படத்தை ஜீவாகரனின் சைக்கிள் கரியரில் விரித்தேன்.
மருந்தறையில் தொட முடியாது.
கக்கூசில் தொட முடியாது.
காயக்காரர் பக்கத்தில்
ஏற்கெனவே மூச்சுமுட்டும்.
மிஞ்சியது பொறுப்பதிகாரியின் அறை,
மேசை, கதவு, கதவில் பெயர் எழுத இடம்.
மூன்று தட்டி.

கொழும்பிலிருந்து கடிதம் வந்தது:
நிருவாகம் எங்கே நடைபெறும்?
மழை அடிக்காத பக்கத்தில்,
என்று பதில் போட்டேன்.

அந்தச் சின்ன அறைக்கு
ஜன்னல் தேவைப்படாது என்றுதான் நினைத்தேன்.
"தாய் உள்ள போவாள்,
முகம் தெரிய வேணாமா?" என்றாள் சுகிர்தமலர்.
ஜன்னல் வைத்தேன். ஒரு முக்காலியும்.

இப்போது எல்லாம்
களுவாஞ்சிக்குடி நெற்களஞ்சியத்தில்
படுத்துக் கிடக்கின்றன.
மாரி தொடங்க முன்னம்
நானும் மஃறூப்பும் போவோம்.
எலிப்புழுக்கையைக் கூட்டித் தள்ளி,
மூட்டுகளுக்குக் கிரீஸ் பூசி,
எழும்பாதே, இந்த வருசமும் எழும்பாதே
என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டு
எழும்புவதற்கு ஆயத்தமாக்குவோம்.

நானூற்று முப்பத்திரண்டு போல்ட்.
இம்முறை எண்ணினால் ஒன்று கூட.
யார் போட்டதென்று தெரியவில்லை.
மஃறூப் அதையும் துடைத்து
எண்ணெய் தடவி
மற்றவற்றோடு போட்டான்.