கடைசி வண்டி

நான் ஓடுகிறவன் இல்லை, ஓட்டுகிறவன்.
மாரத்தானில் எல்லோருக்கும் பின்னால்
ஊர்ந்து வருமே ஒரு வெள்ளை வேன்,
அதன் ஸ்டியரிங் என்னுடையது.
முடியாதவர்கள் கை காட்டுவார்கள், நிறுத்துவேன்.
ஏறி உட்கார்ந்ததும்
கேட்காமலே காரணம் சொல்வார்கள்.
மூன்று வருஷத்தில் ஏறியவர்கள்
பதிவேட்டின்படி நூற்றுப் பதினேழு.
காரணங்கள் நூற்றுப் பதினாறு.
நீங்களும் பேர் கொடுத்திருப்பதாகக் கேள்விப்பட்டேன்,
அதனால் சொல்கிறேன்.

நேற்று வாங்கிய ஷூவை இன்று போடாதீர்கள்.
செவ்வாய்ப்பேட்டை கொலுசுக்கடை தமீம்
பன்னிரண்டாயிரம் ரூபாய் ஷூவைக்
கையில் பிடித்தபடி ஏறினார்.
சாக்ஸில் ரத்தம்.
ஷூ மட்டும் பளபளவென்று
கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது போலவே.

நாலரை மணிக்கு மைதானத்தில்
பாட்டு அலறும்,
ஏற்காட்டுப் பக்கமிருந்து குளிர் இறங்கி வரும்.
பறக்கலாம் என்று உடம்பு பொய் சொல்லும்.
ஜிம் நடத்தும் கிரிதரன் அதை நம்பினார்.
ஐந்து ரோடு மேம்பாலத்தை முதல் ஆளாக ஏறியவர்
இருபத்து மூன்றாவது கிலோமீட்டரில்
என் பின்சீட்டில் படுத்துக்கொண்டு
தன் கெண்டைக்கால் தனியாகத் துடிப்பதைப் பார்த்தார்,
வேறு யாருடைய காலையோ பார்ப்பது போல.
பாலத்தில் செகண்ட் கியர் போதும்.
இறக்கத்தில் பிரேக்கை மிதித்தே இறங்காதீர்கள்,
தேய்வது முட்டி.

தாகம் வந்தபின் தண்ணீர் தேடுவது
நடுரோட்டில் வண்டி நின்றபின் பங்க் தேடுவது.
இரண்டு வாய் போதும், ஆனால் ஒவ்வொரு மேஜையிலும்.
காகிதக் கப்பின் வாயைக் கிள்ளிக் குடியுங்கள்,
இல்லாவிட்டால் மூக்குதான் குடிக்கும்.
முந்தின ராத்திரி தட்டுவடை செட் வேண்டாம்.
அந்தப் பூண்டுச் சட்னி
உங்களைவிட வேகமாக ஓடும்.
வாசலின் பூச வெட்கப்படாதீர்கள்.
மார்பில் இரண்டு சிவப்புப் பொட்டோடு ஏறிய பேராசிரியர்
வீடு வரை கைகட்டியே வந்தார்.

சீலநாயக்கன்பட்டி பைபாஸ்.
முப்பது கிலோமீட்டர். நிழல் இல்லை,
கைதட்ட ஆள் இல்லை, லாரிகள்தான்.
என் காரணங்களில் பாதி அங்கே விளைந்தது.
அங்கே மட்டும் திரும்பிப் பார்க்காதீர்கள்.
என் வண்டியில் ஏசி உண்டு.

போன வருஷம் அங்கே, என் முன்னால்
ஒருவர்தான் மிச்சம்.
எண் இரண்டாயிரத்து எழுநூற்றுப் பதினாறு,
ஜவ்வரிசி ஆலையில் கணக்கெழுதும் பவளக்கொடி.
தடுப்புக் கூம்புகளை அள்ளிவிட்டார்கள்,
தண்ணீர் மேஜைகளை மடக்கிவிட்டார்கள்.
பக்கத்தில் ஒதுக்கிக் கதவைத் திறந்தேன்.
உள்ளே பார்க்கவேயில்லை.
"ஹார்ன் அடிக்காம வர முடியுமாண்ணே?"

ஒரு விளக்குக் கம்பம் வரை ஓட்டம்,
அடுத்தது வரை நடை.
மறுபடி ஓட்டம்.
பதினொரு கிலோமீட்டர் கம்பங்களை
நானும் எண்ணினேன்.
கிளட்ச் கருகும் வாசனை.
போனில் கேட்டார்கள், ஏற்றியாச்சா என்று.
ஆச்சு என்றேன்.

மைதானத்தில் வளைவைக் காற்றிறக்கிப்
படுக்கப் போட்டிருந்தார்கள்.
அதை ஒரு வாய்க்காலைப் போலத் தாண்டினார்.
தட்ட யாருமில்லை.
அப்போதுதான் ஒரு தடவை ஹார்ன் அடித்தேன்.

"இப்ப ஏறிக்கலாமா?"
படியில் கால் மடங்கவில்லை,
பக்கவாட்டில் நண்டு மாதிரி ஏறினார்.
முன்சீட்டில் உட்கார்ந்தார்.
காரணத்துக்குக் காத்திருந்தேன், பழக்கதோஷம்.
"இந்த வெயில்ல
தட்டுவடை செட் எங்கண்ணே கிடைக்கும்?" என்றார்.

இன்னொன்று, மறந்தே போனேன்:
பஸ்ஸுக்குச் சில்லறை இடுப்பில் செருகி வையுங்கள்.
மறுநாள் மாடிப்படியில் பின்பக்கமாக இறங்குங்கள்.
இந்த வருஷமும் நான்தான் வருகிறேன்.
கிளட்ச் மாற்றியாயிற்று.