முதல் கிளிக்

விளம்பரத்தில் இருபத்தெட்டு.
திரையில் இருபத்துநாலு புள்ளி ஆறு.
என் நோட்டில் இருபத்தொன்று புள்ளி நாலு.

முட்டி நொறுங்கிய வண்டிகளைச் சுற்றிவந்து
சேதத்துக்கு விலை எழுதுவது என் பிழைப்பு.
வள்ளியூர் ஒர்க்‌ஷாப்பில் இன்றுவரை ஒருவரும்
நாற்பதுக்கு மேல் ஓட்டி வந்ததில்லை.
"மெதுவாத்தான் மேடம் வந்தேன்" என்பார்கள்.
ரேடியேட்டர் டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் கிடக்கும்.
அதனால் எந்த எண்ணையும்
ஒருதரம் குனிந்து அடியில் பார்த்துவிடுவேன்.

"என்ன கொடுக்கு மதினி, ஹைப்ரிட்டு?"
கொழுந்தன் ஞானதுரை டீசல் வண்டிக்காரன்.
எங்கே கொடுக்கு என்று கேட்கத் தெரியாது அவனுக்கு.

வண்ணார்பேட்டையில் கொடுக்கும்.
சாயங்காலம், பாலத்தை நெருங்கி,
பஸ்ஸுக்குப் பின்னால் பஸ்ஸுக்குப் பின்னால்
அங்குலமாய் நகரும் அந்த இருபது நிமிடம்
எஞ்சின் என்று ஒன்று இருப்பதே மறந்துபோகும்.
ஊரே எரித்துக்கொண்டு நிற்கும்,
நான் எரிக்காமல் நிற்பேன்.
ரயில்வே கேட்டில் ஏசிக்காக மட்டும்
கூப்பிடாமலே எழுந்து, கொஞ்சம் முனகி, அடங்கும்.
நாலுவழிச் சாலை கிடைத்ததும்
மற்றவர்கள் மிச்சம் பிடிக்கிற இடத்தில்
என் வண்டி குடிக்கத் தொடங்கும்.

ஆனி பிறந்துவிட்டால்
நாங்குநேரி தாண்டியதும் காற்று எதிரே வந்து நிற்கும்,
பாக்கிக்காரனை மறித்த மாதிரி.
பணகுடி வருவதற்குள்
எண்பதில் போனாலும் நூறின் செலவு.
இரண்டு பக்கமும் காற்றாலைகள்
அதே காற்றில் சம்பாதித்துக்கொண்டிருக்கும்.
திரும்பும்போது முதுகில் கை வைத்துத் தள்ளும்தான்.
பறித்ததில் பாதி வரும்.
மீதியை நோட்டில் 'காற்று' என்று எழுதுகிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காரையார் போனோம்.
ஏற ஏறத் திரை பதினொன்றுக்கு இறங்கியது.
வசந்தராஜ் எட்டிப் பார்த்துவிட்டு
ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.
தவணை கட்டுவது அவர்.

இறக்கத்தில் காலை எடுத்தேன்.
வளைவுக்கு வளைவு மலை பேட்டரிக்குள் ஊற்றியது.
பாதி மலைகூட இறங்கவில்லை,
கட்டமெல்லாம் பச்சையாகி நின்றுவிட்டது.
அதற்குப் பிறகும் மலை இருந்தது.
வாங்கிவைக்க இடம் இல்லை.
எஞ்சின் ஒரு சொட்டு பெட்ரோல் குடிக்காமல் உறுமி
வந்ததையெல்லாம் சத்தமாக வெளியே கொட்டியது.

"ரிப்பேரா?"
"நிறைஞ்சிட்டு."
கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தவர் சொன்னார்:
"ஒங்க வீட்டு விருந்து மாதிரில்லா இருக்கு.
எலைய மூடுனாலும் விட மாட்டுக்காக."

செக்போஸ்ட்டில் பாட்டில் இருக்கிறதா என்று பார்த்தார்கள்.
மேலே கிளம்பும்போது 'மீதம் 41 கிலோமீட்டர்'.
விக்கிரமசிங்கபுரம் கடைத்தெருவில் 'மீதம் 58'.
யாரும் எதையும் ஊற்றவில்லை.
ஓரமாக நிறுத்தி, இறங்கி,
உண்மையிலேயே குனிந்து அடியில் பார்த்தேன்.
ஒரு சருகு ஒட்டியிருந்தது.

மகாராஜநகர் பங்க்கில் பேச்சித்தாய்க்கும் எனக்கும்
பதினாலு மாதத்து ஒப்பந்தம்:
முதல் கிளிக்கோடு நிறுத்திவிட வேண்டும்.
அதே பம்ப், அதே பக்கம், அதே கிளிக்.
இல்லையென்றால் கணக்கு என்று எதைச் சொல்வது?

அன்று அவள் லீவு. மாமியாருக்குக் கண் ஆபரேஷன்.
புதுப் பையன். கிளிக் கேட்டது.
"ரவுண்டா ரெண்டாயிரம் போட்டுருதேன்க்கா"
என்று சொல்லி முடிப்பதற்குள் போட்டும்விட்டான்.

நாற்பத்துமூன்று ரூபாய்.
காற்று எடுக்காதது, மலை கொடுக்காதது.

காருக்குள் விளக்கைப் போட்டு வகுத்தேன்.
இருபது புள்ளி ஒன்பது.
கூடப் போனது அடுத்த தடவை குறைந்து வரும்,
தானாகச் சரியாகிவிடும், எனக்கே தெரியும்.
பின்னால் ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார்.

எண்ணுக்குப் பக்கத்தில்
பதினாலு மாதத்தில் முதல்முறையாக எழுதினேன்:
சுமார்.