மூன்று புள்ளி குறைவு

ஓபர்ஸ்டைனில் ஆற்றின் மேலேயே தார்ச்சாலை போட்டிருக்கிறார்கள்.
நாங்கள் நடக்க, நாஹே காலுக்கடியில் போய்க்கொண்டிருந்தது,
சத்தமில்லாமல்.
குலேந்திரன் பையை நெஞ்சோடு அணைத்திருந்தார்.
உள்ளே ரொட்டிப் பொதி, வங்கிக் கடிதம்.
இருபத்தொரு மாதச் சீட்டு.
கழிவு போகப் பதினாறாயிரத்து நானூறு யூரோ.

முதல் கதவு மூடிய பிறகுதான்
இரண்டாம் கதவைத் திறந்தார் ஃபிராவ் கெர்ஹார்ட்.
"மோதிரத்துக்கா?"
மோதிரம் எனக்கு விலக்கு.
ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் விரலில் எதுவும் ஆகாது.
கலியாண மோதிரமே பத்தொன்பது வருஷமாய்
பிஸ்கட் டின்னுக்குள் படுத்திருக்கிறது.
இது கழுத்துக்கு. சீருடைக்கு உள்ளே.
ஒரு பெரிய கல் ஒருவருக்கும் தெரியாமல்
என் வியர்வையில் கிடக்க வேண்டும்.
இதை எந்த ஜெர்மனில் சொல்வது?
"பதக்கத்துக்கு" என்றேன்.

ஐந்து கற்கள்.
மடித்த வெள்ளைத் தாளின் பள்ளத்தில்
குப்புறக் கவிழ்த்து வைத்தார்.
முகத்தைப் பார்த்தால் மினுக்கம் ஏய்த்துவிடுமாம்,
நிறம் தெரிவது முதுகிலாம்.
விளக்கை அணைக்கச் சொன்னேன்.
ஜன்னலில் நவம்பர் வெளிச்சம், வடித்த கஞ்சி போல.

வெள்ளையை எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம்.
புதுப் படுக்கை விரிப்புக்கு ஒரு வெள்ளை.
நாற்பது தரம் தோய்ந்த தலையணை உறைக்கு
மோர் தெளித்த மாதிரி இன்னொன்று.
நீலம் கூடிப்போனால் வருவது
பொய் சொல்லும் வெள்ளை.

"இது முதல். பிறகு இது, இது.
நாலாவதில் தேங்காய்ப்பால் ஒரு சொட்டு.
கடைசி, மோர்."

சான்றிதழ்களைப் புரட்டினார்.
கண்ணாடியைக் கழற்றினார், திரும்பப் போட்டார்.
"எங்கே படித்தீர்கள்?"
"அறுபது பாகை வெந்நீரில்."
குலேந்திரன் மட்டும் சிரித்தார்.

பிறகு பூதக்கண்ணாடி.
கல்லைக் கிட்டக் கொண்டுவர
என் இமைமயிரே உள்ளே விழுந்து எழும்பியது.
காகபாதம் தேடினேன். காகம் நடக்கவில்லை.
ஓரத்தில் மட்டும் ஒரு கீற்று,
விளிம்புத் தையலில் நூல் விட்டது போல.
பரவாயில்லை,
விளிம்பைப் பொன் மூடிக்கொள்ளும்.

கடைசியில் இரண்டு மிஞ்சின.
ஒன்று, இரண்டு காரட்டும் ஒரு புள்ளியும்.
மற்றது ஒன்று தொண்ணூற்றேழு.
ஒரே வெள்ளை, ஒரே நீரோட்டம்.
கண்ணை மூடிக்கொண்டேன், இடம் மாற்றி வைத்தார்,
திறந்தேன். எது எதென்று தெரியவில்லை.
அவருக்கும் தராசு வேண்டியிருந்தது.
விலைக்குத்தான் தெரிந்தது:
பதினெட்டாயிரத்துத் தொள்ளாயிரம்.
பதினையாயிரத்து இருநூறு.

"மிச்சத்தை நான் கடன் எடுக்கிறன்" என்றார் குலேந்திரன் தமிழில்.
"ஆக்கள் கேட்டால் ரெண்டு எண்டு சொல்லலாமே."

கேட்பார்கள். கமலவேணி கட்டாயம் கேட்பாள்,
ஒரே சீட்டில் இருந்தவள்.
வாய் நிறைய ஒரு சொல்,
அதற்கு மூவாயிரத்து எழுநூறு.
ஈரத் துணி தள்ளுகிற முந்நூறு மணித்தியாலம்.
சொல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.
அதில் நீரோட்டம் இல்லை.

சின்னதைத் தொட்டேன்.

பணம் போய்ச் சேர இருபத்தைந்து நிமிஷம்.
அவர் கோப்பி தந்தார், நாங்கள் ரொட்டியைப் பிரித்தோம்.
சம்பல் மணத்துக்கு ஜன்னலைத் திறக்காமல்
ஒரு துண்டு கேட்டு வாங்கினார்.
பிறகு கல்லைத் தாளில் வைத்து மடித்தார், ஐந்து மடிப்பு,
ஒவ்வொன்றையும் நகத்தால் நீவி.
அந்தக் கையை எங்கள் மடிப்பு மேசையில்
நாளைக்கே வேலைக்கு எடுக்கலாம்.

கிர்ன் தாண்டுகையில் தொலைபேசி.
"எடுத்தாச்சா? எத்தினை காரட்?"
குலேந்திரன் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
பொதி என் உள்ளங்கையில்,
ஒரு மாத்திரை அளவு கூடப் பாரமில்லை.

"ரெண்டு" என்றேன்.

அவர் ஜன்னல் பக்கம் திரும்பித் தோள் குலுங்கச் சிரித்தார்.
எனக்கும் சிரிப்புத்தான்.
கொஞ்சம் நீலம் கூடிப்போய்விட்டது.