நாற்பத்தொரு திருகாணிகள்

சங்கத்தின் முதல் கூட்டம் என் அறையில் நடந்தது.
கொதிகலனின் சூடு அன்று எட்டியது
எக்ஸ்ரே அறையை மட்டும்தான்.
வெளியே உலான்பாத்தர், மைனஸ் முப்பத்தாறு.
உள்ளே ஐந்து எலும்பு மருத்துவர்கள்,
கம்பளி போதாமல்
என் ஈயக் கவசங்களையும் போர்த்திக்கொண்டு.
படிக்கும்படி எழுதுகிறவள் நான் ஒருத்தி.
குறிப்பேடு என்னிடம் வந்தது.

பெயர் வைக்க இரண்டு மணி நேரம்.
கழகம் என்றார் லுவ்சன்தக்வா.
சங்கம் என்றார் யாதம்சுரேன்.
ரஷ்ய ரயிலில் தகடும் ஆணியும் வருவது நின்று
பதினான்கு மாதம் ஆகியிருந்தது.
நிகழ்ச்சி நிரலில் அது இல்லை.

உப்புத் தேநீர் ஆறிக்கொண்டிருந்தபோது
செவ்ஜித்மா கைக்குட்டையை அவிழ்த்து
மேசையில் கொட்டினாள்.
"ஆறின கால்களிலிருந்து எடுத்தவை.
கழுவி, அவித்து வைத்திருக்கிறேன். பதினொன்று.
உங்களிடம் எத்தனை?"

யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.
ஒவ்வொருவரும் ஒளித்துத்தான் வைத்திருந்தார்கள்.
மறுநாள் மாலைக்குள் நாற்பத்தொன்று சேர்ந்தது.
கூடவே, பிடி உடைந்த ஒரு கைத்துளைப்பான்.
நான் எண் போட்டேன்:

பதினேழு. லாரி ஓட்டுநர், தர்கான். வலது கால். திரும்பியது.
இருபத்து மூன்று. நிலக்கரிச் சுரங்கம். திரும்பியது, வளைந்து.
இருபத்தொன்பது. நாதம் பந்தயத்தில் குதிரை தள்ளிய சிறுமி,
ஒன்பது வயது, இடது தொடை.
திரும்பவில்லை.
குடும்பம் மந்தையோடு மேற்கே போய்விட்டது.

பிறகு முத்திரை வந்தது. விதிமுறை வந்தது.
கோணல் மரம் பொறித்த கழுத்துப்பட்டை வந்தது.
சந்தாத் தகராறில் லுவ்சன்தக்வா ஒரு வருடம் வரவில்லை;
அவர் வீசிய கோப்பையை
"கருத்து வேறுபாடு" என்று எழுதினேன்.
இப்போது இருநூற்றுப் பன்னிரண்டு பேர்.
ஹோட்டல் மாடியில் மாநாடு.
திருகாணி விற்கிறவர்கள்
பளபளக்கும் பெட்டிகளோடு வாசலில் நின்று
பேனா இனாமாகத் தருகிறார்கள்.
செவ்ஜித்மாவின் படம் மேடைக்குப் பின்னால்,
சற்றே சாய்ந்து.

போன வசந்தத்தில், நான் ஓய்வுபெற மூன்று மாதம் இருக்கையில்,
இடுப்பு வலி என்று ஒருத்தி வந்தாள்.
படம் திரையில் ஏறியது.
தொடையெலும்பில் ஒரு ஆணி.
தலையில் ஒற்றைக் கீறல்.
அப்படி இப்போது யாரும் செய்வதில்லை.

"இன்னமும் குதிரை ஏறுவீர்களா?"
"ஏறாமல்?"

இளம் மருத்துவர் எட்டிப் பார்த்தார்.
"இது எந்த கம்பெனி?"
"சங்கத்தினுடையது" என்றேன்.
நகைச்சுவை என்று நினைத்துச் சிரித்தார்.
வலி முதுகெலும்பிலிருந்து வருகிறது,
ஆணியைத் தொட வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தார்.

அன்றிரவு பழைய பேரேட்டைத் தேடி எடுத்தேன்.
இருபத்தொன்பதாம் வரி.
"திரும்பவில்லை" என்பதை அடித்துவிட்டு,
இனாம் பேனா மை கக்க,
பக்கத்தில் எழுதினேன்:
தவணை நீட்டிக்கப்பட்டது.