எண்ணூறு மில்லிகிராம்

மானூர்க் குளத்துக்குள் தண்ணீர் இல்லை,
சீமைக்கருவேலம் இருந்தது.
ஜேசிபியும் இருந்தது.
மாசானமுத்து சாவியைத் திருப்புமுன்
பட்டர் பேப்பரை விரித்துவிட வேண்டும் நான்.

"இந்த முள்ளுலயா மேடம் மருந்து?
கோர்ட்டே வெட்டச் சொல்லிட்டு.
சரி, ஒரு மணி நேரம் தாரேன்.
அதுக்குள்ள உலுப்பிக்கிடுங்க,
பொறவு நான் வேரோட புடுங்குதேன்."

ஏழரைக்கு மேல்தான் மகரந்தப்பை வெடிக்கும்.
அவசரப்பட்டால் பனித்துளிதான் விழும்.
மஞ்சள் கம்பளிப்பூச்சி போல் கதிர்கள்;
ஒவ்வொன்றாய்க் கவிழ்த்துச் சுண்டினால்
காகிதத்தில் விழுவது
விழுந்ததா என்று கேட்கும் அளவு.
முள் எடுத்துக்கொண்ட கூலி, மணிக்கட்டில் இரண்டு கோடு.
தேனீக்கள் என்னை இடித்துத்தள்ளி வேலை பார்த்தன.
அவற்றுக்கு நிதி ஒதுக்கீடு தாமதமாவதில்லை.

மூன்று வாரக் காலைகள்,
பாளையங்கோட்டை பஸ்ஸில் மடியில் டப்பா.
தராசு சொன்னது:
எண்ணூறு மில்லிகிராம்.

நுண்ணோக்கியில் ஒவ்வொரு மணியும்
மூன்று வாசல் வைத்த வீடு.
சிலவற்றை அமிலத்தில் கொதிக்கவைத்தேன்.
உள்ளே குடியிருந்ததெல்லாம் போயிற்று,
சுவர் நின்றது.
மரம் கரியாகி மூட்டையில் போன பின்னும்
குளத்துச் சேற்றில் இந்தச் சுவர் கிடக்கும்
எவரோ தோண்டும் வரைக்கும்.

மீதியை எத்தனாலில் ஊறப்போட்டு, குலுக்கி, வடித்து, வற்றவைத்தால்
குடுவை அடியில் பழுப்புப் பிசின்,
பாகு தீய்ந்த வாசனை.
ஃபெரிக் குளோரைடு ஒரு சொட்டு: கரும்பச்சை. பீனால் உண்டு.
மக்னீசியத் துருவல், மேலே அமிலம்:
சீறி, அடங்கி, நிறம் வந்தது.
குறுக்குத்துறை அந்தி என்று எழுதப் போனது கை;
'இளஞ்சிவப்பு, ஃபிளேவனாய்டு' என்று திருத்திக்கொண்டது.
ஆல்கலாய்டுக்கு மோர் போல் ஒரு கலங்கல்.
சபோனினுக்கு நுரை நிற்கவில்லை.
இல்லை என்பதற்கும் நோட்டில் ஒரு கட்டம் இருக்கிறது.

பிறகு கிருமி.
புண்ணில் சீழ் பிடிக்கவைக்கும் இனம்,
தட்டு முழுக்கப் பரப்பி, நடுவில் துளையிட்டு, பிசினை ஊற்றி
ஒரு ராத்திரி.
காலையில் துளையைச் சுற்றித் தெளிந்த வட்டம்.
பதின்மூன்று மில்லிமீட்டர்.
அளவுகோலை மூன்று தடவை வைத்துப் பார்த்தேன்,
நகை எடை பார்ப்பவள் மாதிரி.
பக்கத்துத் தட்டில், கடையில் வாங்கிய மருந்துக்கு
இருபத்தாறு.
அதையும் அதே பென்சிலால்தான் எழுதினேன்.

தும்மல் மட்டும் நிற்கவில்லை.
ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியில்
முன்கையில் வரிசையாகக் குத்தினார்கள், பன்னிரண்டு புள்ளி.
ஏழாம் எண் கொசுக்கடியாய்த் தொடங்கி
ரூபாய்க் காசளவு தடித்துச் சிவந்தது.
"சீமைக்கருவேலம்" என்றார் டாக்டர் ரெபேக்காள்.
"அது பக்கமே போகாதீங்க. என்ன வேலை பார்க்குறீங்க?"

சொல்லவில்லை.
கையைத் திருப்பி வைத்துக்கொண்டு
அந்த விளிம்பையும் அளந்தேன், கண்ணாலேயே.

திரும்பப் போனபோது குளம் பாதி வெளிறிக் கிடந்தது.
வேர்கள் வானத்தைப் பார்த்தபடி.
"ஆச்சா மேடம் மருந்து?"
"ஆகல. ஒரு வட்டம்தான் ஆயிருக்கு."
அவருக்கு என்ன புரிந்ததோ, சிரித்தார்.
முகத்தில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து
இரண்டு உதறு உதறினார்.
வெயிலில் மஞ்சளாய் எழும்பிற்று.

யோசிக்குமுன்
பட்டர் பேப்பரை விரித்திருந்தேன்.
அப்புறம்தான் தும்மினேன்.